மின்கிட்டாரும் தவிலும்



இன்று நாம் ஓர் இசைத்தட்டைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். அது திரைப்படப் பாட்டுத் தட்டு அன்று. பெயரிலே பிள்ளையார் இருந்தபோதிலும் பக்திப் பாடல் தட்டும் அன்று. ‘எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்’ என்பது அதன் பெயர். 2006-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் மின்கிட்டார் வாசித்திருப்பவர் தமிழ்நாட்டு இராணிப்பேட்டையைச் சேர்ந்த பிரசன்னா. ‘கிட்டார்’ பிரசன்னா என்று சொன்னால் சங்கீத சபைகளுக்குப் போகிறவர்கள் உடனே தெரிந்துகொள்வார்கள்.

“மரம் வெட்டிப் பிழைக்கிற குடும்பத்துக்கு மின்கிட்டார் எதற்கு?” என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். இதே கேள்வியைச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தகப்பனார் பள்ளிக்கே வந்து என்னிடம் கேட்டார். “வாத்தியாரே, பையன் கிட்டாரும் கையுமா அலையிறான். எங்க அப்பா காலத்திலே உறுமி அடிச்சாரு, சித்தப்பா தவிலு அடிச்சாரு. இது என்னாங்க, வெள்ளைக்காரன் சாமான்! நீங்க கொஞ்சம் கண்டிச்சு வைங்க” என்றார். நான் அவரை உட்காரச் சொல்லி, “அண்ணே, கிட்டாரு ஸ்பெயின் நாட்டிலேயிருந்து வந்ததுதான். ஆனா பையன் வாசிக்கிற பாட்டு இருக்கே, அது ஒரு தோட்டத்திலே பொறந்ததுங்க” என்றேன். அவர் நம்பவில்லை. ஏதோ சமாதானம் சொல்கிறேன் என்று எண்ணிக்கொண்டார். அன்று அவருக்கு முழுவதும் சொல்ல நேரமில்லை. பெரட்டுக்கு எழுந்த களைப்பு அவர் முகத்தில் தெரிந்தது. அந்த விவரத்தைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

அமெரிக்காவின் தென்பகுதியில் மிசிசிப்பி என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அங்கே ஆற்றோரத்து வண்டல் நிலத்தில் பரந்த பருத்தித் தோட்டங்கள் இருந்தன. ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் பிடித்து வரப்பட்ட கறுப்பின மக்கள் அவற்றில் அடிமைகளாக வேலை செய்தார்கள். 1865-இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் பருத்தி ஒழியவில்லையே! விடுதலை பெற்றவர்களில் பெரும்பாலோர் அதே நிலத்தில் வாரத்துக்குப் பயிரிடுகிறவர்களாக நின்றார்கள். விதையும் மாவும் துணியும் தோட்டத்துக் கடையில் கடனாகக் கிடைக்கும். அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் கடன் மிஞ்சும். கடைக் கணக்கு என்றால் என்ன என்பதை நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நம் கதையும் அவர்கள் கதையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. நம் முன்னோர் விற்கப்பட்டவர்கள் அல்லர். ஒப்பந்தக் கூலிகளாகவும், பிறகு கங்காணி அழைத்து வந்தவர்களாகவும் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கு துறைமுகத்தில் இறங்கினார்கள். மலாயாவில் ஒப்பந்த முறை 1910-இல் நின்றது. இந்த வேறுபாடு சிறியதன்று. எனினும் விடியுமுன் எழுந்து, பிறருடைய பயிரை வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு, மாலையில் திண்ணையில் உட்கார்ந்து பாடுகிற வாழ்க்கை இரண்டு இடத்திலும் இருந்தது.

அவர்கள் வேலை செய்யும்போது ஒருவர் முதலில் பாட, மற்றவர்கள் சேர்ந்து பின்பாட்டுப் பாடுவார்கள். நாற்று நடுகிற பாட்டிலும் கும்மியிலும் நாம் செய்வது போலத்தான். பின்னாளில் அந்தப் பாட்டு ஒருவர் தனியாகக் கிட்டாருடன் பாடும் வடிவம் பெற்றது. அதற்கு ‘ப்ளூஸ்’ என்று பெயர். மனவருத்தம் என்பது அந்தச் சொல்லின் பொருள். அதன் அமைப்பு மிக எளியது. ஓர் அடியைப் பாடுவார், அதையே இன்னொரு முறை பாடுவார், மூன்றாம் அடியில் அதற்கு விடை சொல்வார். ஒவ்வோர் அடி முடிந்ததும் கிட்டார் பதில் சொல்லும். பின்பாட்டுக்கு ஆள் இல்லாத குறையைக் கருவி தீர்த்து வைத்தது. மிசிசிப்பியில் டாக்கரி என்ற பருத்தித் தோட்டத்தில் வாழ்ந்த சார்லி பேட்டன் என்பவரை இந்த இசையின் முன்னோடிகளில் ஒருவராக இன்று போற்றுகிறார்கள்.

கிட்டார் வாங்க வசதியில்லாத பிள்ளைகள் என்ன செய்தார்கள், தெரியுமா? துடைப்பத்தைக் கட்டியிருக்கும் கம்பியை அவிழ்த்து, வீட்டுச் சுவரில் இரண்டு ஆணி அடித்து அதை இழுத்துக் கட்டினார்கள். கம்பிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு போத்தலைச் செருகினால் கம்பி விறைக்கும். ஒரு கையால் மீட்டிக்கொண்டு, மறு கையில் இன்னொரு போத்தலைப் பிடித்துக் கம்பியின் மேல் தேய்த்துக்கொண்டு போனால் சுருதி ஏறும், இறங்கும். வீட்டுச் சுவரே வாத்தியத்தின் குடமாகிவிடும்! நான் இதை என் வகுப்பில் ஒரு நீளப் பலகையில் செய்து காட்டுவதுண்டு. பிள்ளைகளுக்கு ஒலி பற்றிய பாடம் அன்றைக்கு மறக்காது. வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் கம்பியை மிகவும் இறுக்க வேண்டாம். அறுந்தால் கண்ணில் படும்.

போத்தலைத் தேய்த்து வாசிக்கும் இந்தப் பழக்கம் கிட்டாருக்கும் சென்றது. போத்தலின் கழுத்தை உடைத்து விரலில் மாட்டிக்கொண்டோ, பேனாக்கத்தியின் முதுகாலோ கம்பியில் வழுக்கி வாசித்தார்கள். இதைக் கொஞ்சம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே சிறு சிறு உலோகக் கம்பிகள் பதிந்திருக்கும். வீணையில் மெட்டு என்கிறோமே, அதுதான். ஒரு மெட்டுக்கும் அடுத்த மெட்டுக்கும் அரைச் சுரம் தூரம். பன்னிரண்டு மெட்டு ஏறினால் கீழ் ஸட்ஜத்திலிருந்து மேல் ஸட்ஜம் வந்துவிடும். மெட்டுகளின்மேல் சாதாரணமாக வாசித்தால் அந்தப் பன்னிரண்டு படிகளில்தான் நிற்க முடியும். ஆனால் மனிதத் தொண்டை படிக்கட்டில் ஏறுவதில்லை. அழும்போதும் கூப்பிடும்போதும் அது வழுக்குகிறது, நடுங்குகிறது. அந்தத் தொண்டையைக் கம்பியில் கொண்டுவரத்தான் பருத்தித் தோட்டத்துக்காரர்கள் போத்தலைத் தேடினார்கள். நம் சங்கீதத்தில் கமகம் என்றும் ஜாரு என்றும் சொல்வதும் இதே வழுக்கலையும் நடுக்கத்தையும்தான்.

இன்னொன்றும் உண்டு. ப்ளூஸ் கிட்டார்க்காரர்கள் விரும்பி வாசிக்கும் ஐந்து சுர வரிசை இருக்கிறது. அதை நம் முறைப்படி எழுதினால் ச, க, ம, ப, நி என்று வரும். சங்கீதம் கற்ற பிள்ளையிடம் பாடிக் காட்டினால் “இது சுத்த தன்யாசி அல்லவா?” என்று கேட்கும். ஆம், சுரங்கள் அவையே. ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொண்டதன்று. மனிதக் காதுக்கு இதமான சுரங்களை இரண்டு மக்களும் தனித்தனியே கண்டெடுத்திருக்கிறார்கள்.

சரி, தோட்டத்து இசை எப்படி மின்சாரத்துக்கு வந்தது? அதற்கு ஒரு மனிதரைச் சொல்ல வேண்டும். மடி வாட்டர்ஸ் என்பது அவர் பாட்டுக்காக வைத்துக்கொண்ட பெயர். மிசிசிப்பியில் ஸ்டோவல் என்ற தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினார். 1941-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக நாட்டுப்பாடல் சேகரித்துக்கொண்டிருந்த ஆலன் லோமாக்ஸ் என்பவர், ஒலிப்பதிவுக் கருவியைக் காரில் ஏற்றிக்கொண்டு அந்தத் தோட்டத்துக்கே வந்து அவருடைய பாட்டைப் பதிவு செய்தார். தம் குரலைத் தாமே தட்டில் கேட்டபோதுதான் தம்மாலும் முடியும் என்ற நம்பிக்கை அவருக்கு வந்தது. பிறகு ஒருநாள் கூலியைச் சற்று உயர்த்திக் கேட்டார். மேற்பார்வையாளர் மறுத்துவிட்டார். 1943-இல் அவர் ரயிலேறிச் சிகாகோ நகரத்துக்குப் போய்விட்டார்.

நகரத்து மதுக்கடைகளில் கூட்டமும் இரைச்சலும் அதிகம். திண்ணையில் கேட்ட மரக்கிட்டாரின் ஒலி அங்கே எடுபடவில்லை. ஆகவே மின்கிட்டாரைக் கையில் எடுத்தார். அந்த முழக்கத்திலிருந்து கிளைத்ததே பிற்காலத்தில் இங்கிலாந்துக்கும் உலகம் முழுமைக்கும் பரவிய ராக் இசை. இங்கிலாந்து இளைஞர்கள் வாசித்ததைக் கேட்டு நாம் அதை வெள்ளைக்காரன் பாட்டு என்று நினைத்துக்கொண்டோம். அந்த இளைஞர்களோ மடி வாட்டர்ஸின் தட்டுகளைத் தேடித் தேடிக் கேட்டுக் கற்றவர்கள்.

இங்கே மின்கிட்டார் எப்படி ஒலிக்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். மரக்கிட்டாருக்கு உள்ளே வெற்றிடமான குடம் உண்டு, அதுதான் ஒலியைப் பெருக்கும். மின்கிட்டாரோ பெரும்பாலும் கெட்டிப் பலகை. மின்சாரம் இல்லாமல் மீட்டினால் கொசு பாடுவது போல் இருக்கும். அதன் ஆறு கம்பிகளும் எஃகினால் ஆனவை. கம்பிகளுக்கு நேர் கீழே காந்தம் வைத்து, அதைச் சுற்றித் தலைமயிர் போன்ற மெல்லிய செம்புக் கம்பியைப் பல ஆயிரம் சுற்று சுற்றியிருப்பார்கள். மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப் புலம் அசையும். அது அசைந்தால் செம்புச் சுருளில் மெல்லிய மின்னோட்டம் பிறக்கும். அதை ஒயர் வழியாகப் பெருக்கிக்கு அனுப்பினால் ஒலிபெருக்கியில் முழக்கம் கேட்கும். சைக்கிள் டைனமோவில் விளக்கு எரிவதும் ஏறக்குறைய இதே தத்துவத்தினால்தான்.

பெருக்கியின் தாங்கும் அளவுக்கு மேல் ஒலியை ஏற்றினால் ஒலி கரகரப்பாகும், நீண்ட நேரம் ஓயாமலும் நிற்கும். முதலில் இதைக் குறை என்றார்கள், பிறகு வேண்டுமென்றே செய்தார்கள். இதைவிடச் சுவையான ஒரு செய்தி உண்டு. நம் கோயில் திருவிழாவில் யாராவது மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் போய்விட்டால் ‘கூ...’ என்று காதைப் பிளக்கும் ஓசை எழுகிறதல்லவா? ஒலிபெருக்கியிலிருந்து வந்த ஒலி மீண்டும் மைக்குக்குள் புகுந்து, மீண்டும் பெருகி வருவதால் உண்டாவது அது. நாம் காதைப் பொத்திக்கொள்கிறோம். அமெரிக்காவில் ஒருவர் அந்த ஓசையையே வாத்தியமாக வாசித்தார். அவர்தாம் ஜிமி ஹென்றிக்ஸ்.

ஹென்றிக்ஸ் 1942-இல் சியாட்டில் நகரத்தில் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது துடைப்பக் கட்டையைக் கிட்டாராக எண்ணி வாசித்துக்கொண்டே இருப்பானாம், பள்ளிக்கூடத்துக்கும் எடுத்துப் போவானாம். அதைக் கண்ட பள்ளிச் சமூகநலப் பணியாளர் ஒருவர், இந்தப் பிள்ளைக்கு ஒரு கிட்டார் வாங்கப் பணம் தாருங்கள் என்று கேட்டுப் பார்த்தார். கிடைக்கவில்லை. அந்தப் பணியாளரின் பெயர்கூட எனக்குத் தெரியாது, ஆனால் ஆசிரியராக இருக்கிறவன் அவரை நினைக்காமல் இருக்க முடியாது. பிறகு தகப்பனாரோடு ஒரு வீட்டுக் குப்பையை அள்ளும்போது ஒரே கம்பியுள்ள உக்குலேலே ஒன்று அகப்பட்டது. அந்த ஒற்றைக் கம்பியிலேயே காதால் கேட்ட பாட்டுகளை வாசித்தான். பதினைந்து வயதுக்குப் பிறகுதான் ஐந்து டாலருக்கு ஒரு பழைய கிட்டார் வாய்த்தது. இடக்கைக்காரன் ஆனபடியால் வலக்கைக் கிட்டாரையே தலைகீழாகத் திருப்பிப் பிடித்து வாசிக்கப் பழகினான். அவன் சிறுவயதில் கேட்டு மிரண்ட தட்டுகளில் மடி வாட்டர்ஸின் தட்டும் ஒன்று.

1968 அக்டோபரில் ஹென்றிக்ஸ் ‘எலெக்ட்ரிக் லேடிலேண்ட்’ என்ற இரட்டை இசைத்தட்டை வெளியிட்டார். அதில் பெரும்பகுதி நியூயார்க் நகரத்து ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவாயிற்று. அதற்கு முன்பெல்லாம் மேடையில் வாசிப்பதை அப்படியே பிடித்துவைக்கும் இடமாகத்தான் பலரும் கூடத்தைக் கருதினார்கள். இவருக்கோ கூடமே ஒரு வாத்தியமாயிற்று. அது எப்படி? ஒலிநாடாவின் அகலத்தைப் பல தடங்களாகப் பிரித்துவிடுவார்கள். நம் ரப்பர் மரத்து நிரைகளைப் போல ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக அவை ஓடும். முதல் தடத்தில் ஒரு கிட்டாரை வாசித்துப் பதிந்துகொள்ளலாம். அதைக் காதில் கேட்டுக்கொண்டே இரண்டாம் தடத்தில் வேறொன்றை வாசிக்கலாம். கடைசியில் எல்லாத் தடங்களையும் கலந்தால் ஒருவரே நாலு பேராக ஒலிப்பார். அந்தத் தட்டில் ஒரு பாட்டுக்குக் கீழ்ச்சுருதிக் கிட்டார் வாசிக்க வேண்டியவர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட, அதையும் ஹென்றிக்ஸே வாசித்துச் சேர்த்தார். கடலுக்கடியில் போய் வாழ்வதைப் பற்றிய கற்பனை ஒன்று ஏறத்தாழ 14 நிமிடம் நீளும். பதினைந்து நிமிடம் நீளும் இன்னொரு பாட்டில், எல்லா ஜாலத்துக்கும் அடியில் பருத்தித் தோட்டத்து ப்ளூஸ் அப்படியே கேட்கும். 1970-இல் இலண்டனில் இறந்தபோது அவருக்கு வயது 27-தான்.

இனி நம் பிரசன்னாவிடம் வருவோம். தட்டின் பெயரிலேயே அவர் ஹென்றிக்ஸை வணங்கியிருப்பது இப்போது உங்களுக்குப் புரியும். ‘லேடிலேண்ட்’ இருந்த இடத்தில் ‘கணேஷா லேண்ட்’. இப்படிப் பெயர் வைப்பது தெய்வ நிந்தனை ஆகாதா என்று ஒரு பெரியவர் கேட்டார். கடிதம் எழுதினாலும் பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்குகிற நாம் இதற்குக் கோபப்பட வேண்டியதில்லை என்பது என் கருத்து. உள்ளே உள்ள உருப்படிகளின் பெயர்களும் இப்படித்தான் இரண்டு ஊரையும் முடிச்சுப் போடுகின்றன. ஒன்றின் பெயர் ‘பாட் பெல்லி ப்ளூஸ்’, தொந்தி ப்ளூஸ் என்று சொல்லலாம். இன்னொன்று ‘ஸ்ரீ ஜிமி’. வேறொன்றில் சென்னைத் திருவல்லிக்கேணி வருகிறது. ‘சூரியனிலிருந்து மூன்றாவது கல்’ என்று பூமியைச் சொல்லி ஹென்றிக்ஸ் ஒரு உருப்படி செய்திருந்தார். இவர் ‘நான்காவது கல்’ என்று ஒன்று செய்திருக்கிறார்.

பிரசன்னா சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் படித்தவர். பிறகு அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துப் பெர்க்லி இசைக் கல்லூரியில் மேல்நாட்டு இசையை முறையாகக் கற்றார். இவற்றோடு திருவாரூர் பாலசுப்பிரமணியத்திடமும், வயலின் மேதை கன்னியாகுமரி அம்மையாரிடமும் கர்நாடக சங்கீதம் பயின்றார். கிட்டாரில் கீர்த்தனை வாசித்துக் கச்சேரி செய்கிறவர். உதட்டுப்பிளவுள்ள ஒரு சிறுமியைப் பற்றிய ‘ஸ்மைல் பிங்கி’ என்ற குறும்படம் 2009-இல் ஆஸ்கார் பரிசு பெற்றதல்லவா, அதற்கு இசையமைத்தவரும் இவரே.

கிட்டாரில் கமகம் வாசிப்பது எளிதன்று. வீணையில் மெட்டுகள் உயரமானவை, கம்பியைப் பக்கவாட்டில் தாராளமாக இழுக்கலாம். கிட்டாரின் மெட்டு தட்டை, கம்பியோ விறைப்பானது. அதனால் இடக்கை விரல் சில இடத்தில் கம்பியை இழுக்கும், சில இடத்தில் ஒரு மெட்டிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கும், சில இடத்தில் விரலை எடுத்தும் வைத்தும் சுரத்தை அசைக்கும். இந்த மூன்றையும் எந்த இடத்தில் எதைச் செய்வது என்று ராகம் சொல்ல வேண்டும். பல ஆண்டுப் பயிற்சியில்லாமல் இது வராது. பால்மரத்தில் பட்டை எவ்வளவு ஆழம் போகலாம் என்று வெட்டுகிறவர் கைக்குத் தெரிகிறதே, அப்படிப்பட்ட அறிவு இது, கையிலேதான் இருக்கும்.

இந்தத் தட்டில் அவர் கரகரப்பான ராக் ஒலியை வைத்துக்கொண்டே ராகத்தின் அசைவுகளை வாசிக்கிறார். கரகரப்பு ஒலி ஓயாமல் நிற்பதால், ஒருமுறை மீட்டிவிட்டு நாகஸ்வரக்காரர் ஒரே மூச்சில் பிடிப்பது போல நீளமாகப் பிடிக்க முடிகிறது. தாளத்துக்கு அவர் தேடிப் போனது நம் வாத்தியங்களை. தவில், மிருதங்கம், கடம், கஞ்சிரா ஆகியவை வருகின்றன. தவில் ஒன்றுதான் மின்கிட்டாருக்கு முன்னால் தலைகுனியாமல் நிற்கக்கூடிய நம் கருவி என்று எனக்குத் தோன்றும். அது திறந்தவெளிக்குப் பிறந்தது. தேர் நகரும்போது, பட்டாசு வெடிக்கும்போது, ஆயிரம் பேர் பேசும்போது கேட்க வேண்டும் என்று செய்யப்பட்டது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை அடிவாரத்தில் நின்றவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

எல்லாமே எனக்குப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். விரல் வேகத்தைக் காட்டும் இடங்கள் சில உண்டு. கச்சேரியில் துரித காலத்தில் சுரம் பாடிக் கைத்தட்டு வாங்குகிற வழக்கம் நமக்கும் உள்ளதுதான், ஆனாலும் எனக்கு வேகத்தைவிட அவர் ஒரே சுரத்தில் நின்று அசைக்கும் இடங்களே நெஞ்சில் தங்கின. உருப்படிகளின் ஆங்கிலச் சிலேடைகளும் தோட்டத்துப் பிள்ளைக்கு உடனே விளங்காது, விளங்காவிட்டாலும் நட்டமில்லை.

வந்த வாத்தியத்தை நமதாக்கிக்கொள்வது நமக்குப் புதிதன்று. இன்று வயலின் இல்லாத பாட்டுக் கச்சேரி உண்டா? அதுவும் மேல்நாட்டுக் கருவிதான். முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் இருநூறு ஆண்டுகளுக்கு முன் அதைக் கற்று நம் இசைக்குத் திருப்பினார். மாண்டலின் சீனிவாஸ் சிறுவயதிலேயே மின்மாண்டலினில் கச்சேரி செய்து ஊரை வியக்க வைத்தார். 2014-இல் அவர் மறைந்தபோது வயது 45. கிட்டாரிலே பிரசன்னாவுக்கு முன்பே சுகுமார் பிரசாத் என்பவர் கர்நாடக இசை வாசித்திருக்கிறார். நம் பினாங்கிலோ, ஆறுமுகம் குடும்பத்துச் சகோதரர்கள் டேவிட்டும் லோகநாதனும் ‘அலிகேட்ஸ்’ குழுவில் மின்கிட்டார்களின் நடுவில் நின்று மலாய்ப் பாட்டுப் பாடி நாடு முழுவதும் பெயர் பெற்றார்கள். அவர்கள் சென்ற வழி வேறு, பிரசன்னா சென்ற வழி வேறு. துறைமுகப் பட்டணத்துக்குக் கப்பலில் ஆட்கள் மட்டுமா வந்தார்கள்? ஹார்மோனியப் பெட்டி வந்தது, கிராமபோன் வந்தது. கடைத்தெருவில் வாங்கிப் படகில் அக்கரைக்குக் கொண்டுவந்து லயத்து வீட்டில் வைத்துக் கேட்டவர்கள் நம் தாத்தாமார்தாமே!

பையனைக் கண்டிக்கச் சொன்ன அந்தத் தகப்பனாரின் கவலையையும் நான் தள்ளிவிடவில்லை. பாட்டைக் காரணம் காட்டிப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடும் பிள்ளையும் உண்டு, துணையாகச் சேருகிறவர்கள் யார் என்று பார்க்க வேண்டிய கடமையும் பெற்றோருக்கு உண்டு. அதைக் கண்டியுங்கள், கேள்வி கேளுங்கள். ஆனால் கிட்டாரைப் பிடுங்கிப் பரண்மேல் போடுமுன், அவனை ஒரு பாட்டு வாசிக்கச் சொல்லி ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். வீட்டில் தவில் தெரிந்த பெரியவர் இருந்தால் அவரையும் கூட உட்காரச் சொல்லுங்கள். பையன் எந்தக் காலத்தில் வாசிக்கிறான், தாளம் ஓடுகிறதா நிற்கிறதா என்பதை அவர் ஒரு நொடியில் சொல்லிவிடுவார். ராக் வாசிக்கும் பிள்ளைகளில் பலருக்குச் சொல்லித்தர ஆள் இல்லாதது இந்தத் தாளக் கணக்குத்தான்.

கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. இவையெல்லாம் இப்போது கைப்பேசியிலேயே கிடைக்கின்றன, தட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. முதலில் மடி வாட்டர்ஸ் 1941-இல் தோட்டத்திலிருந்து பாடியதைக் கேளுங்கள். ஒரு குரல், ஒரு கிட்டார், அவ்வளவுதான். அடுத்து ஹென்றிக்ஸின் பதினைந்து நிமிடப் பாட்டைக் கேளுங்கள். அதன்பின் ‘எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்’ தட்டில் தொந்தி ப்ளூஸைப் போடுங்கள். இந்த வரிசையில் கேட்டால் அந்த வழுக்கல் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு எப்படி வந்தது என்பது காதுக்கே தெரியும். செவிக்கருவியை இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு கேட்பது நல்லது. ஹென்றிக்ஸின் தட்டில் கிட்டார் இடக்காதிலிருந்து வலக்காதுக்கு நடந்து போகும். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு காதாகப் பகிர்ந்துகொண்டால், பாதியில் அது எங்கே போயிற்று என்று இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.